ஒரே திருப்பில் பிடிக்கும்

சாவியைத் திருப்பினார் கண்ணாடிக்கடைக்காரர். வண்டி வாயைத் திறக்கவில்லை.

மறுபடியும் திருப்பினார். இருமல் இல்லை, முனகல் இல்லை, டாஷ்போர்டில் பேருக்கு ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. நேற்றுச் சாயங்காலம் கழுவித் துடைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்திய கார், விடிவதற்குள் பழைய அலமாரி மாதிரி ஆகியிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு நடந்தே போயிருப்பார். இன்று அது முடியாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டியை வாங்க ஆள் வருகிறது. வருகிறவர் கடையின் பழைய வாடிக்கையாளர். கண் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து ஓட முடியாதபடி முகத்தில் பரிசோதனைச் சட்டத்தையும் மாட்டிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் அவரிடம் வண்டியின் பெருமையைச் சொல்லியிருந்தார்.

"வயசான வண்டிதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா சாவியைத் திருப்பினா ஒரே திருப்புல பிடிக்கும். பிடிக்கலேன்னா நீங்க வாங்கவே வேண்டாம்."

சொன்ன சொல் சொன்னதுதான். இருபத்தைந்து வருஷமாகக் கடையை அந்தச் சொல்லை வைத்துத்தான் நடத்தி வருகிறார்.

விற்பது என்பது திடீர் முடிவும் அல்ல. அவர் வீட்டில் எதையும் கலந்து பேசித்தான் செய்வார்; அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன வாரம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது காரணங்களை அடுக்கினார். கடை நடக்கிற தூரம். மகள் காலேஜுக்கு பஸ்ஸில் போகிறாள். உதிரிபாகம் கிடைப்பதில்லை. வண்டி பாதி நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நின்ற இடத்திலேயே மாமனார் அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும், மகள் கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளோடு போன் பேசுவதும், கடையை மறந்து தான் மனைவியோடு நாலு வார்த்தை பேசுவது அந்த வண்டியில் போகும்போது மட்டும்தான் என்பதும் அவர் கணக்கில் வரவில்லை.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"உங்க இஷ்டம்" என்றாள் மனைவி.

"ம்" என்றாள் மகள்.

அவர்களோடு இருக்கும் மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "மாப்பிள்ளை யோசிக்காம எதையும் செய்ய மாட்டார்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்போது மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவன் வெளியூரில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"என்னங்க, கிளம்பலியா?" மனைவி வாசலுக்கு வந்தாள். எழுந்ததிலிருந்து சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவள், முந்தானையில் இன்னும் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உயிரே இல்லை. பேட்டரி போயிடுச்சு போல."

"அடப் பாவமே! அப்ப அவரை இன்னொரு நாள் வரச் சொல்லிடுங்களேன்."

"எந்த முகத்தோட சொல்றது? தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். எல்லாரையும் கூப்பிடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வெயில் ஜன்னலைத் தாண்டி முகத்தில் அடித்தால்தான் கண் விழிக்கும் மகள், குளித்துத் தலை வாரிக்கொண்டு தயாராக நின்றாள். வண்டியை வழியனுப்ப எழுந்திருக்கிறாள், என்ன இருந்தாலும் பாசக்காரப் பெண் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. மாமனாரும் வந்தார். ஒரு கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பையில என்ன மாமா, புடைச்சுக்கிட்டு இருக்கு?"

"மூக்குக் கண்ணாடி, மாப்பிள்ளை."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. ஆனால் அதைக் கவனிக்கிற நிலையில் கண்ணாடிக்கடைக்காரர் இல்லை.

மூன்று பேரும் தள்ளினார்கள். தெரு கொஞ்சம் சரிவு. வண்டி கேட்டைத் தாண்டி, வளைந்து, வேகம் பிடித்தது. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி தூக்கிப் போட்ட மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கி, நாலு வீடு தள்ளி நின்றது. நின்ற இடம் வக்கீல் வீட்டு கேட்டுக்கு நேர் குறுக்கே.

அரைக்கால் சட்டையும் வாயில் பிரஷ்ஷுமாக வக்கீல் வெளியே வந்தார்.

"சார், இது என் வாசல்."

"தெரியுது சார். ரெண்டே நிமிஷம்."

"ரெண்டே நிமிஷம்னு கட்சிக்காரர் சொன்ன கேஸை நான் பதினோரு வருஷமா நடத்திட்டிருக்கேன்" என்றார் வக்கீல். இருந்தாலும் நல்ல மனிதர். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்குக் கரண்ட் கொடுக்கும் தடித்த ஒயரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் பானெட்டைத் திறந்தார். உள்ளே இருப்பதில் பாதிக்கு அவருக்குப் பெயர் தெரியாது. மீதிப் பாதி எதற்கு இருக்கிறது என்று தெரியாது. பேட்டரி மட்டும் தெரியும். அதில் ஒயரின் கவ்வியை மாட்டப் போனார். பேட்டரி முனையில் இறுகியிருக்க வேண்டிய வளையம், கழற்றி வைத்த மோதிரம் போல ஆடிக்கொண்டிருந்தது.

"லூஸ்!" என்று கத்தினார். "டெர்மினல் லூஸா இருக்கு! பேட்டரிக்கு ஒண்ணும் இல்லை!"

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. குரல் உள்ளே போயிருந்தது. பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஸ்பேனரை வைத்து முறுக்கிவிட்டு, மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். தொழில் பழக்கம் தானாக வாய்க்கு வந்தது.

"சாவியைப் பாதி திருப்பு. இப்ப பாரு. முன்னைவிட பளிச்சுனு இருக்கா, மங்கலா இருக்கா, ஒரே மாதிரி இருக்கா?"

"எது?"

"சிவப்பு லைட்டு."

"எரியுது."

"எரியறது சரி. இப்படி அழுத்தினா? இது நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்ததா?"

"நீங்க காரைப் பரிசோதிக்கிறீங்களா, என்னைப் பரிசோதிக்கிறீங்களா?"

"சரி, சரி. முழுசா திருப்பு."

திருப்பினாள். லைட் எரிந்தது. மற்றபடி ஒரு டிக் சத்தம்கூட இல்லை.

"இன்னுமா ஸ்டார்ட் ஆகலை?" மனைவி நிஜமாகவே ஆடிப்போனாள். இறங்கிவந்து பேட்டரியைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். "அதைத்தான் முறுக்கிட்டீங்களே!" பிறகு அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. "ஐயோ பாவம்" என்றாள் சிரித்த முகமாக.

மாமனார் முன்னால் வந்தார். அவரும் குழம்பித்தான் போயிருந்தார்.

"இது இப்படி வரக் கூடாதே" என்று முணுமுணுத்தார்.

"எது மாமா?"

"ஒண்ணுமில்லை, ஒரு கணக்கு." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "லைட் எரியுது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்தலை. ஆக, மோட்டார்தான் சிக்கியிருக்கு. கீழ படுத்து ரெண்டு தட்டு தட்டுங்க."

கண்ணாடிக்கடைக்காரர், வாங்க வருகிறவருக்காகப் போட்டிருந்த புதுச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். கையை வெளியே நீட்டினார்.

"சுத்தியலைக் குடுங்க மாமா."

பதிலுக்கு 'சளீர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"கை நடுங்கிடுச்சு, மாப்பிள்ளை."

முன்விளக்கின் கண்ணாடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரிசல் விட்டிருந்தது. நேற்று பேத்திக்கு ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்த கை அது.

"பரவாயில்லை மாமா, வயசாயிடுச்சில்ல" என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

எது மோட்டார் என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. தட்டுவதற்கு வசதியாக இருந்ததையெல்லாம் தட்டினார். துருவும் மண்ணும் முகத்தில் கொட்டின. வெளியே வந்தபோது புதுச் சட்டையின் முதுகில் தெரு இருந்தது.

"ஃபியூஸைப் பாத்துட வேண்டியதுதான்" என்றார். மகள் விருட்டென்று அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தது. மூடியின் உட்புறம் எது எதற்கு என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர், தன்னுடைய படிக்கிற கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"படிச்சுச் சொல்லும்மா. இந்த ஒரு இடம் மட்டும் காலியா இருக்கே, இது எதுக்கு?"

மகள் மூடியை வெகுநேரம் பார்த்தாள்.

"ரேடியோவுக்குப்பா."

"ரேடியோதான் பாடுதே?"

"இல்ல இல்ல, தப்பா படிச்சிட்டேன். பின்பக்க வைப்பர்."

"நம்ம வண்டிக்குப் பின்பக்கம் வைப்பரே இல்லையே?"

"அதான் காலியா இருக்கு."

அவர் அடுத்த வரிசைக்குப் போனார்.

"அப்ப ஸ்டார்ட்டருக்கு எது?"

மகளின் விரல் இங்கும் அங்கும் அலைந்து, காலி இடத்திலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நின்றது. "இது."

தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்புப் பெட்டி அது. ரிலே என்பார்கள். அதைப் பிடுங்கி இடது கையில் வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடி ரிப்பேர்ச் சாமான்களிலிருந்து ஒரு மெல்லிய கம்பித் துண்டை எடுத்து வளைத்தார்.

"நேரா கரண்ட் குடுத்துட்டா மோட்டார் சுத்தித்தானே ஆகணும்?" என்று கம்பியை அது இருந்த இடத்து ஓட்டைகளில் செருகினார்.

ஹாரன் அலறியது.

சாதாரண அலறல் இல்லை. நிறுத்தற்குறி இல்லாத அலறல். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. நாய்கள் கூட்டமாகப் பதில் சொல்லத் தொடங்கின. வக்கீல் கேட்டின் மறுபக்கத்திலிருந்து கைகளை ஆட்டி ஏதோ வாதாடினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கம்பியைப் பிடுங்கப் போனார். அது பழுக்கக் காய்ந்திருந்தது. "ஆ!" என்று கையை உதறினார். சூடுபடாத இன்னொரு கையால் பிடுங்கலாம் என்றால் அதில் அந்தக் கறுப்புப் பெட்டி இருந்தது. அவசரத்தில், கண்ணில் பட்ட காலி இடத்தில் அதைத் திணித்துவிட்டு, கம்பியைப் பிடுங்கி எறிந்தார்.

தெரு அடங்கியது.

"இதுக்குன்னு தனியா ஒரு செக்‌ஷன் இருக்கு சார்" என்ற வக்கீலின் கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

விரலை ஊதிக்கொண்டே, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சாவியைத் திருப்பினார்.

'கிர்ர், கிர்ர், கிர்ர்' என்று மோட்டார் சுற்றியது.

"எப்படிப்பா!" என்று மகள் வீறிட்டாள். "அது இல்லாம எப்படிச் சுத்துது?"

"எது இல்லாம?"

"அதாவது... மெக்கானிக் இல்லாம."

"அனுபவம்மா" என்றார் அடக்கமாக.

ஆனால் மோட்டார்தான் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். 'கிர்ர், கிர்ர்.' பிடிக்கவில்லை. நடைபாதையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள்.

"சுத்துது, ஆனா ஸ்டார்ட் ஆகலியா? நிஜமாவா?"

"ஏன் சிரிக்கறே?"

"அழுகையை அடக்கறேன்பா."

மாமனார் ஒருவர்தான் அசரவில்லை. நீண்ட நேரம் விடை வராத கணக்கு கடைசியில் வழிக்கு வந்ததுபோல் பெருமூச்சு விட்டார். "ஆங்... இப்பத்தான் சரியா வருது."

"எங்க மாமா சரியா வருது?"

"சுத்தற சத்தத்தைச் சொன்னேன், மாப்பிள்ளை. நீங்க விடாம திருப்புங்க."

விடாமல் திருப்பினார். கிர்ர் மெலிந்து கிர் ஆனது, கிர் தேய்ந்து 'டக்' ஆனது. பிறகு அதுவும் இல்லை. காலையில் போகாத பேட்டரி, இப்போது நிஜமாகவே போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாங்குகிறவர் வந்து சேர்ந்தார்.

அவர் அவசரப்படாமல் வண்டியைச் சுற்றி வந்தார். குறுக்கே நிற்பதைப் பார்த்தார். திறந்த பானெட்டைப் பார்த்தார். விரிசல் விட்ட முன்விளக்கைத் தடவினார். ஸ்டியரிங் நடுவில் ஹாரனை அழுத்திப் பார்த்தார். அது இனி ஜென்மத்துக்கும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தது. கடைசியில் கண்ணாடிக்கடைக்காரரின் முதுகைப் பார்த்தார்.

"ஒரே திருப்புல பிடிக்கும்னீங்க."

"பிடிக்கும் சார். நேத்து வரைக்கும் பிடிச்சது. நீங்க நம்பணும்."

"நம்பறேன் சார். ஆனா போன மாசம்தான் நீங்க எனக்குப் புதுக் கண்ணாடி போட்டு விட்டீங்க. அதுல எல்லாம் ரொம்பத் தெளிவா தெரியுது."

மனிதர் கோபப்படவில்லை. தோள் கொடுத்தார். வக்கீலும் அரைக்கால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் சேர்ந்து மேட்டில் தள்ளினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஸ்டியரிங்கை மகளிடம் கொடுத்துவிட்டு, மனைவிக்குப் பக்கத்தில் நின்று தள்ளினார். முகமெல்லாம் கரி, விரலில் கொப்புளம், வாக்கும் போயிற்று. ஆனாலும் வண்டி பழைய இடத்துக்கு வந்து, தரையில் பல வருஷ எண்ணெய்க் கறைக்கு மேல் சரியாக நின்றபோது, அவருக்குள் எதுவோ தானும் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாங்க வந்தவர் டீ குடித்துவிட்டு, புதுக் கண்ணாடியில் படியை நன்றாகப் பார்த்து இறங்கிப் போனார்.

சாப்பாட்டு மேஜையில் கண்ணாடிக்கடைக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்த விஷயத்தை இவர்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவர் கவலை.

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதை நான் ஒருத்தன் மாத்தறது நியாயமில்லை. ஆனா வண்டியைத் தள்ளிட்டு வரும்போது ஒண்ணு தோணிச்சு. சொன்னா ஏமாற்றமா இருக்கும் உங்களுக்கு. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"விக்க மனசு வரலை. நம்மகிட்டயே இருக்கட்டுமே? நீங்க எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா..."



"உங்க இஷ்டம்" என்றாள் மனைவி, கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டபடி.

"ம்" என்றாள் மகள். இந்த 'ம்' கொஞ்சம் நீளமாக, பாட்டு மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை யோசிக்காம எதையும் செய்ய மாட்டார்" என்றார் மாமனார், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கியது. விற்கலாம் என்றாலும் சரி என்கிறார்கள், வேண்டாம் என்றாலும் சரி என்கிறார்கள். தனக்காக இப்படி வளைந்துகொடுக்கிற குடும்பம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

போன் அடித்தது. திரையில் மெக்கானிக்கின் பெயர்.

"சாப்பிடும்போது எதுக்குங்க? அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் மனைவி.

"குடுப்பா, நான் பேசிக்கறேன்" என்று மகள் பாதி எழுந்தாள்.

மாமனாருக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது.

"இருங்க, பாவம், கல்யாண வீட்டிலேருந்து கூப்பிடறான்." விரலில் மருந்து தடவியிருந்ததால் போனை மேஜையில் வைத்தே, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார் கண்ணாடிக்கடைக்காரர். "தம்பி, காலையிலேருந்து வண்டி ஸ்டார்ட் ஆகலைப்பா. பேட்டரி டெர்மினல் லூஸா இருந்தது, முறுக்கிட்டேன். ஃபியூஸ் பெட்டியில ஒரு இடம் காலியா இருந்தது, அதுலயும் ஒரு ரிலேயைச் செருகிட்டேன். இப்ப மோட்டார் சுத்துது, இஞ்சின்தான் பிடிக்க மாட்டேங்குது. இன்னும் எங்க கோளாறுன்னு புரியலை."

கல்யாண வீட்டு இரைச்சலைத் தாண்டி மெக்கானிக்கின் குரல் கணீரென்று வந்தது.

"அப்ப அக்கா என்கிட்ட கேட்டுக் கழட்டினதும் சரியாயிடுச்சு, பாப்பா கேட்டுக் கழட்டினதும் சரியாயிடுச்சு, இனி பெரியவர் கழட்டினது ஒண்ணுதான் சார் பாக்கி, அவர்கிட்ட கேட்டு வாங்கி மாட்டிடுங்க."